இளம் இசைக்கலைஞர் நிதிக்கு ஒரு தியேட்டர் ஆர்கன் கச்சேரி: சுருதி, ஒத்திகை, பழுது, பணம்

பித்தளைவாய் எழுதியது:

அமெரிக்காவில் 1928-ல் கட்டிய பழைய திரையரங்கு, 1,100 இருக்கை. அதில் மௌனப் படங்களுக்கு வாசிக்கக் கட்டிய குழாய் ஆர்கன், அதாவது தியேட்டர் ஆர்கன் ஒன்று: வுர்லிட்சர் கம்பெனியுடையது, மூன்று மானுவல் (கைவிசை வரிசை), பதினொரு ரேங்க் (ஒரே குரலுள்ள குழாய்களின் வரிசை). குழாய்கள் மேடைக்கு இருபுறமும் மேலே இரண்டு சேம்பர்களில், அதாவது குழாய் அறைகளில். விசைகளைக் குழாய்களோடு இணைக்கும் ரிலே மட்டும் எலக்ட்ரானிக்காக மாற்றப்பட்டிருக்கிறது, மற்றதெல்லாம் பழையது. அக்டோபரில் ஒரு மாலைக் கச்சேரி. வசூல் இளம் இசைக்கலைஞர்களின் பயிற்சிக் கட்டணத்துக்கும் வாத்திய வாடகைக்கும் போகிறது.

யோசித்து வைத்திருக்கும் நிகழ்ச்சி இது: தொழில்முறை ஆர்கன் கலைஞர் ஒருவர் 35 நிமிடம். 15, 17 வயதில் இரண்டு பேர் தலா 12 நிமிடம். நாற்பது பேர் கொண்ட பள்ளி ஆர்கெஸ்ட்ராவும் ஆர்கனும் சேர்ந்து இரண்டு உருப்படி. கடைசியில் இருபது நிமிட மௌனப் பட நகைச்சுவை ஒன்று.

கேள்விகள் நான்கு. ஆர்கெஸ்ட்ராவும் ஆர்கனும் சுருதி சேருமா? சின்னவர்களுக்கு எத்தனை மணி நேரம் கன்சோல் (விசைகளும் பெடலும் உள்ள, வாசிப்பவர் உட்காரும் இடம்) கொடுக்க வேண்டும்? அன்று எது பழுதாகும்? பணத்தில் எங்கே கோட்டை விடுவோம்?

---

காற்றறை எழுதியது:

சுருதியில் ஆரம்பிக்கிறேன். மற்ற மூன்றையும் கடைசி வாரத்தில்கூடச் சரிக்கட்டலாம். இதை முடியாது.

ஆர்கனில் இரண்டு ஜாதிக் குழாய்கள். புல்லாங்குழல் போல உதட்டில் காற்று மோதி ஒலிப்பவை ஃப்ளூ: டயபேசன், டிபியா, ஃப்ளூட், ஸ்ட்ரிங் எல்லாம் இதில் சேர்த்தி. பித்தளை நாக்கு துடித்து ஒலிப்பவை ரீட்: டியூபா, வாக்ஸ் ஹுமானா, கிளாரினெட், ஓபோ. சேம்பரில் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஃப்ளூ குழாயின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு. ரீட் அவ்வளவு அசையாது, ஏனென்றால் அங்கே சுருதியைப் பிடித்து வைத்திருப்பது உலோக நாக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 டிகிரியில் ஏ ஸ்வரத்தை நொடிக்கு 440 அதிர்வுக்குச் சேர்த்த ஆர்கன், கூட்டமும் விளக்கும் சேர்ந்து சேம்பரை 26-க்குக் கொண்டுபோனால் 443-ல் நிற்கும். ரீட்கள் 440-ஐ ஒட்டியே இருக்கும். அதே ஏ-வில் டயபேசனையும் டியூபாவையும் சேர்த்துப் பிடித்தால் நொடிக்கு மூன்று அலை அடிக்கும். ஆர்கெஸ்ட்ராவோடு சேருவது இருக்கட்டும், ஆர்கன் தன்னோடே சேராது.

வயலின்காரர்கள் ஏற்றிக்கொள்வார்கள். கிளாரினெட்டிலும் ஓபோவிலும் உள்ளே ஏற்கெனவே மூச்சுச் சூடு இருப்பதால் அரங்கம் சூடாகும் அளவுக்கு அவை ஏறா. அனுபவமுள்ளவர் உதட்டால் இழுத்துவிடுவார், பதினாலு வயதுப் பிள்ளைக்கு அது வராது. க்ளாகன்ஸ்பீல் போன்று சுத்தியலால் அடிக்கும் மணிக்கட்டைகளின் சுருதி நகரவே நகராது.

செய்ய வேண்டியது:

கச்சேரிக்கு 24 மணி நேரம் முன்பே அரங்கத்தின் சூடேற்றியை கச்சேரி நேர வெப்பத்தில் வைத்து, அப்படியே விட்டுவிடுங்கள். இரவில் தானாக இறக்கும் டைமர் இருந்தால் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். கட்டட நிர்வாகத்திடம் வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள். இரண்டு சேம்பரிலும் குழாய் நுனி உயரத்தில் ஒவ்வொரு வெப்பமானி தொங்கட்டும். தரை மட்டத்தில் வைத்தால் குறைத்துக் காட்டும். சேம்பர்களின் முன்னால் இருக்கும் ஷட்டர் பலகைகளைத் திறந்து வையுங்கள், அரங்கக் காற்றும் சேம்பர் காற்றும் கலக்கட்டும்.

பலர் மறப்பது ஆர்கனுக்குக் காற்று தரும் ப்ளோயர். அது பெரும்பாலும் அடித்தளத்தில் இருக்கும். அடித்தளக் காற்று 16 டிகிரி என்றால் அந்தக் குளிர்க் காற்றுதான் குழாய்க்குள் போகும். அதனால் சுருதி சேர்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ப்ளோயரை ஓடவிடுங்கள். கச்சேரிக்கு முன்பும் அப்படியே.

சேர்க்கும்போது ஃப்ளூவைத் தொடாதீர்கள். 4 அடி ஆக்டேவ் ரேங்கின் (அடிக் கணக்கு குழாய் நீளம், எண் சிறிதானால் சுருதி உயரும்) நடு ஸ்தாயியை ஆதாரமாக வைத்து, அன்றைய வெப்பத்தில் அது எங்கே நிற்கிறதோ அங்கே ரீட்களைக் கொண்டுவருவதுதான் வேலை. ரீட்டில் ட்யூனிங் கம்பியைத் தட்டினால் ஐந்து நிமிடத்தில் ஒரு ஸ்தாயி முடிந்துவிடும். ஃப்ளூவைத் துரத்த ஆரம்பித்தால் நாள் போய்விடும், மறுநாள் குளிர்ந்ததும் எல்லாம் பாழ். சேம்பருக்குள் ஒரே ஆள்தான் இருக்க வேண்டும், பழைய சூடான பல்பு எரியக் கூடாது. ஆள் சூடே டிகிரிக் கணக்கில் ஏற்றும்.

---

மிதிகட்டை எழுதியது:

> சின்னவர்களுக்கு எத்தனை மணி நேரம் கன்சோல்

தலைக்கு எட்டு மணி நேரம், குறைந்தது நான்கு வெவ்வேறு நாட்களில். இதைக் கொடுக்க முடியாது என்றால் நிகழ்ச்சித் தாளில் அவர்கள் பெயரைப் போடாமல் இருப்பதே மரியாதை. இளையவர்களுக்கு நிதி திரட்டுகிறோம் என்று பலகை மாட்டிவிட்டு, அதே பிள்ளைக்குக் கச்சேரியன்று காலை நாற்பது நிமிடம் கொடுக்கிற கூத்து பல ஊரில் நடக்கிறது. உண்மையில் அவர்களுக்குக் கிடைக்காத பொருள் பணம் இல்லை, வாத்தியத்தின் முன்னால் உட்காரும் நேரம். பியானோ வீட்டில் இருக்கும், சர்ச் ஆர்கன் ஒரு சாவி கேட்டால் கிடைக்கும். வேலை செய்கிற தியேட்டர் ஆர்கன் பல ஊர்களுக்கு ஒன்றுதான்.

அந்த எட்டு மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பது முக்கியம்.

சர்ச் ஆர்கன் வாசித்து வரும் பிள்ளைக்கு முதல் அதிர்ச்சி கை வைக்கும் இடம். இங்கே கீழ் மானுவல் அக்கம்பனிமென்ட், நடுவில் கிரேட், மேலே சோலோ. இடது கை கீழே ஸ்வரக்கூட்டு பிடிக்கும், வலது கை நடுவிலும் மேலேயும் மெட்டு வாசிக்கும். இடது கால் மட்டுமே பெடல். வலது கால், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஷட்டர் மிதியைவிட்டு நகராது. இரண்டு காலாலும் பெடல் வாசித்துப் பழகியவருக்கு வலது காலைக் கட்டிப்போட்டது மாதிரி இருக்கும்.

அடுத்தது இரண்டாம் தொடுகை. விசையை அடிவரை அழுத்திய பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வேறொரு தொடர்பு இணையும், அதில் வைத்த ஸ்டாப் (ஒரு குரலை இயக்கும் நாக்கு) கூடுதலாகப் பேசும். இடது கையில் ஸ்வரக்கூட்டு ஓடிக்கொண்டிருக்க, கட்டைவிரலை மட்டும் அழுத்தி ஓர் எதிர்மெட்டை எடுத்துக் காட்டலாம். பியானோ கை கனமாக விழும். முதல் நாள் எல்லாமே இரண்டாம் தொடுகையில் போய் அலறும். அதனால் முதல் அமர்வில் அதில் ட்ரையாங்கிள் மட்டும் வைத்துக் கொடுங்கள். தவறி அழுத்தும்போதெல்லாம் டிங் என்று மணி அடிக்கும். அரை மணியில் கை தானே இளகிவிடும்.

முதல் இரண்டு மணி நேரம் பிஸ்டனை, அதாவது சேமித்து வைத்த ஸ்டாப் கூட்டை ஒரே அழுத்தில் வரவழைக்கும் பொத்தானை, தொடவிடாதீர்கள். பதினொரு ரேங்கையும் ஒவ்வொன்றாக, ஒலியை நடுங்க வைக்கும் ட்ரெமுலன்ட் போட்டும் போடாமலும் கேட்கட்டும். குதிரை லாட வடிவத்தில் வளைந்திருக்கும் ஸ்டாப் நாக்குகளைப் பார்த்தால் நூற்றுக்கு மேல் இருக்கும், பிள்ளை மிரண்டுபோகும். இருப்பது பதினொரு குரல்தான், ஒரே குரல் பல இடத்தில் பல உயரத்தில் எட்டிப் பார்க்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். 97 குழாய் உள்ள ஒரு ஃப்ளூட் ரேங்க் 16 அடி, 8 அடி, 4 அடி, 2 அடி எனப் பல பெயரில் எல்லா மானுவலிலும் வரும். வெள்ளை நாக்கு ஸ்ட்ரிங் தவிர்த்த ஃப்ளூ, சிவப்பு ரீட், மஞ்சள் ஸ்ட்ரிங், கறுப்பு விசை வரிசைகளை இணைக்கும் கப்ளர். இந்த நிறம் பிடிபட்டால் பாதி பயம் போய்விடும்.

அப்புறம்தான் பிஸ்டன். மெமரியில் ஆளுக்குத் தனி லெவல் ஒதுக்கி, எண்ணைக் காகிதத்தில் எழுதி கன்சோலில் ஒட்டுங்கள். இரண்டு பேர் ஒரே லெவலில் அமைத்து ஒருவர் உழைப்பை மற்றவர் அழிப்பது இந்த மாதிரி நிகழ்ச்சிகளின் நிரந்தர விபத்து. ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் மெமரியைப் பிரதி எடுத்து வையுங்கள்.

மூன்றாவது அமர்வில் ரிலேயின் பதிவு வசதியைப் பயன்படுத்துங்கள். பிள்ளை வாசித்ததை விசை விசையாகப் பதிந்து, ஆர்கனே திரும்ப வாசிக்கும். பிள்ளையைப் பதினைந்தாம் வரிசையில் உட்கார வைத்துக் கேட்க விடுங்கள். கன்சோலில் இருந்து பார்த்தால் டிபியா மென்மையாகத்தான் இருக்கும். அரங்கத்தில் அது மெட்டையே மூடியிருக்கும். பத்துப் பேர் பத்து நாள் சொன்னாலும் ஏறாதது, அந்தப் பத்து நிமிடத்தில் ஏறும்.

---

ரிலே_ராஜா எழுதியது:

என்ன பழுதாகும்னு கேட்டிருக்கீங்க. எல்லாமே ஆகலாம். ஆனா எதை எங்கே தேடணும்னு தெரிஞ்சா பதறத் தேவையில்லை.

முதல்ல அழுத்தம். தண்ணி ஊத்தின யூ குழாய் மானி ஒண்ணு கையில இருக்கணும். தியேட்டர் ஆர்கன் பொதுவா 10 அங்குலத் தண்ணி அழுத்தத்துல பேசும், டியூபா மாதிரி சிலது 15. சர்ச் ஆர்கன்ல மூணு நாலு அங்குலம்தான், அதனால அங்கே பழகினவங்க இங்கே அளவைப் பார்த்துட்டு தப்போன்னு நினைப்பாங்க. காற்றழுத்தத்தைச் சீராக்குற ரெகுலேட்டர் எல்லாத்துலயும் அளந்து எழுதி வைங்க. எல்லாத்துலயும் ஒரே நேரத்துல குறைஞ்சிருந்தா, சமீபத்துல கட்டடத்துல மின் வேலை நடந்துச்சான்னு கேளுங்க. மூணு ஃபேஸ்ல ரெண்டு மாறிப்போனா ப்ளோயர் தலைகீழாச் சுத்தும். தலைகீழாச் சுத்தினாலும் காற்று வரத்தான் செய்யும், அழுத்தம்தான் குறைவா இருக்கும். தோல் கிழிஞ்சிருச்சுன்னு நினைச்சு ரெகுலேட்டரைப் பிரிச்சுப் போட்டுட்டு உட்காருவாங்க. மோட்டார்ல அம்புக்குறியைப் பார்த்தாப் போதும்.

பேசாத ஸ்வரம்: ஒரு விசை எல்லா ரேங்கிலும் பேசலைன்னா கோளாறு கன்சோல்ல, விசைத் தொடர்புல. ஒரு ரேங்க்ல மட்டும் பேசலைன்னா சேம்பர்ல. அந்தக் குழாயோட மாக்னெட் மூடியைத் திருகி எடுங்க, உள்ளே சின்ன இரும்பு வில்லை இருக்கும். தூசு ஒட்டியிருக்கும். துடைச்சு, ஊதி, மூடுங்க. ஒரு நிமிஷ வேலை. அப்பவும் பேசலைன்னா வயர். வயரும் சரின்னா குழாயோட வால்வை இயக்குற நியூமாட்டிக் தோல் போயிருக்கு, அதை அன்னிக்குச் செய்ய முடியாது. அந்த ஸ்வரத்தை வாசிக்கிறவருக்குச் சொல்லிட்டு விட்டுடுங்க.

நிக்காம ஊதற ஸ்வரம், அதாவது சைஃபர்: கச்சேரி நடுவுல வந்தா வாசிக்கிறவர் முதல்ல ஸ்டாப்பை அணைச்சுப் பார்க்கணும். நின்னா கோளாறு விசையிலோ ரிலேயிலோ இருக்கு, அந்த ஸ்டாப் இல்லாம ஓட்டலாம். நிக்கலைன்னா செஸ்ட்ல, அதாவது குழாய்கள் நிக்கற காற்றுப் பெட்டியில. இந்த மாதிரி யூனிட் ஆர்கன்ல ஒவ்வொரு குழாய்க்கும் தனி வால்வு, ஸ்டாப்பை அணைச்சா காற்று நிக்காது. சேம்பர்ல ஆள் போய்த்தான் ஆகணும். சின்னக் குழாயா இருந்தா பிடுங்கி, ஓட்டையில கார்க் அடைங்க. கார்க் அடைக்காம விட்டா 10 அங்குலக் காத்து சீறும், அது சைஃபரைவிட மோசம். பெரிய ஃப்ளூவா இருந்தா பிடுங்க வேண்டாம், வாயில ஒரு துணியைச் செருகுங்க, அடங்கிடும். ரீட்ல துணி செருகிப் பயனில்லை. ட்யூனிங் கம்பியை இழுத்து நிறுத்தலாம்னு கை வைக்கவும் கூடாது.

ஆக, கச்சேரி நேரம் முழுக்க ஒரு சேம்பருக்கு ஒரு ஆள் வேணும். வெளியே கதவுகிட்ட, உள்ளே இல்லை. காதுக்கு மூடி கட்டாயம். 15 அங்குலத்துல பேசற ரீட்டுக்குப் பக்கத்துல வெறுங்காதோட நிக்கறது மடத்தனம். கையில் ஹெட்செட், டார்ச், வெவ்வேறு அளவு கார்க் பத்து, மின் டேப், மாக்னெட் ஆறு, ரெக்டிஃபயருக்கு ஃப்யூஸ். பதினெட்டு வயசுக்குக் கீழே யாரையும் நடைபலகையில ஏத்தாதீங்க, ஆர்வமாத்தான் கேப்பாங்க.

லிஃப்ட்: கன்சோல் மேலே ஏறி வரதுதான் எல்லாருக்கும் பிடிச்ச காட்சி. மூணு நாள் முன்னாடி, சரியான எடையோட, மேலயும் கீழயும் பத்து தடவை ஓட்டுங்க. லிமிட் ஸ்விட்ச் ரெண்டும் வெட்டுதான்னு பாருங்க. கேபிள் மடங்குற இடத்துல உரசல் இருக்கான்னும் பாருங்க. பெஞ்சில ஆள் இருக்கும்போதும் ஒரு தடவை ஓட்டணும். வாசிச்சுக்கிட்டே ஏறுறது தொழில்முறைக்காரருக்கு. 15 வயசுப் பிள்ளை மேலே ஏறி நின்ன பிறகு வாசிக்கட்டும்.

---

பித்தளைவாய் எழுதியது:

மிக்க நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஆர்கெஸ்ட்ரா உருப்படிகள்தான் இன்னும் பயமாக இருக்கின்றன. கன்சோல் மேடைக்கு முன்னால் பள்ளத்தில். ஆர்கெஸ்ட்ராவின் இசை நடத்துநர் ஆர்கன் கலைஞருக்குப் பின்னால் வந்துவிடுவார்.

---

மிதிகட்டை எழுதியது:

நேராகச் சொல்கிறேன், ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் பித்தளை ஐவர் குழுவும் இரண்டு தாள வாத்தியக்காரர்களும் போதும். தியேட்டர் ஆர்கன் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதிலாக நிற்கப் பிறந்தது. ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் யூனிட் ஆர்கனை உருவாக்கியதும், 1910-ல் வுர்லிட்சர் கம்பெனி அவருடைய தொழிலை வாங்கியதும் "ஒரு ஆள் ஆர்கெஸ்ட்ரா" என்ற எண்ணத்தில்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே வேலைக்கு இரண்டு பேர்.

---

காற்றறை எழுதியது:

இதில் மாறுபடுகிறேன். நாற்பது பிள்ளைகளுக்கு மேடை கொடுப்பதுதான் நிகழ்ச்சியின் நோக்கம். ஐந்து பேரை ஏற்றிவிட்டு முப்பத்தைந்து பேரைப் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்தால் அவர்கள் பெற்றோரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள், அது வேறு கணக்கு. ஆனால் ஆர்கனைக் கட்டி வைக்க வேண்டும், அது உண்மை.

கட்டும் விதம்: ட்ரெமுலன்ட் எல்லாம் அணை. ட்ரெமுலன்ட் காற்றையே நொடிக்கு ஆறேழு முறை அசைக்கும். நாற்பது பேர் நேராகப் பிடிக்கும் சுருதிக்கு மேல் அது கமகம் போட்டால் எந்தச் சுருதியும் நிலைக்காது. டியூபா, போஸ்ட் ஹார்ன் தொடக் கூடாது, உச்சத்தில் நான்கு மாத்திரைக்குத் தவிர. டயபேசன், ஃப்ளூட், ஸ்ட்ரிங் போதும். பெடலில் 16 அடி மட்டும் தாராளமாக. பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் டபுள் பேஸ் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அந்த வெற்றிடத்தை ஆர்கன் நிரப்பும்போதுதான் பிள்ளைகளின் முகமே மாறும்.

ஏ கொடுப்பது ஓபோ இல்லை, ஆர்கன். 4 அடி ஃப்ளூட்டில், ட்ரெமுலன்ட் இல்லாமல், ஷட்டர் முழுக்கத் திறந்து, முப்பது நொடி. அதுவும் பார்வையாளர் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு. காலி அரங்கில் சேர்த்த சுருதி எண்ணூறு பேர் வந்ததும் செல்லாது.

அடுத்து தாமதம். கன்சோலில் இருந்து சேம்பர் 20 மீட்டர் என்றால் ஒலி வந்து சேர 58 மில்லி நொடி. நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில், ஓர் அடியில் கால் பங்கு நீளமுள்ள ஸ்வரம் ஒன்று 125 மில்லி நொடி. அதில் ஏறக்குறைய பாதி. ஆர்கன் கலைஞர் காதை நம்பி வாசித்தால் இழுத்துக்கொண்டே போவார். நடத்துநர் கையைப் பார்த்து, தன் காதுக்கு முந்தி வாசிக்க வேண்டும். நடத்துநருக்கும் சொல்லுங்கள்: ஆர்கனுக்காகக் காத்திருந்தால் இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து வேகம் நடைப்பிணமாகிவிடும்.

பின்னால் நிற்கும் நடத்துநருக்கு கேமராவும் திரையும் வையுங்கள். ஆனால் செல்போன் வீடியோ, வயர்லெஸ் கேமரா எதுவும் வேண்டாம், படமே தாமதமாக வரும். பழைய அனலாக் கேமராவும் கம்பி வழி இணைத்த பழைய பெட்டி டிவியும் இருந்தால் அதற்கு ஈடில்லை. அதைச் சோதிக்க வழி: ஒருவர் கைதட்டட்டும், நீங்கள் திரையையும் அவர் கையையும் ஒரே பார்வையில் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் அந்தக் கேமரா ஆகாது.

---

மிதிகட்டை எழுதியது:

> பெடலில் 16 அடி மட்டும் தாராளமாக

சரி, இந்த இடத்தில் தோற்றேன். ஆனால் இரண்டு உருப்படியில் ஒன்றையாவது மெதுவானதாக வையுங்கள். வேகமான அணிவகுப்பு இசையில் அந்த 58 மில்லி நொடி பல்லைக் காட்டும்.

மௌனப் படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கூட்டம் வருவதே பாதி அதற்காகத்தான். இருபது நிமிடப் படத்துக்கு முழு இசைக் குறிப்பு எழுத வேண்டியதில்லை. ஆறு மெட்டு போதும்: நாயகன், காதலி, வில்லன், துரத்தல், சோகம், முடிவு. படத்தைப் பார்த்து, காட்சி மாறும் இடங்களை நிமிடம் நொடியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எந்தப் பிரதியைப் பயிற்சிக்குப் பார்த்தீர்களோ அதே பிரதியைத்தான் அன்றும் ஓட்ட வேண்டும். மௌனப் படங்கள் ஒரே வேகத்தில் எடுக்கப்படவில்லை. ஒரு பிரதி நொடிக்கு 18 படச்சட்டத்திலும் இன்னொன்று 24-லும் ஓடும். இருபது நிமிடப் படம் பதினைந்து நிமிடமாகிவிட்டால் தாளைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

சத்தப் பெட்டியில் பறவை, ரயில் விசில், குதிரைக் குளம்பு, சைரன், பெரிய முரசு எல்லாம் இருக்கும், கால்கட்டையை மிதித்தால் வரும். இரண்டு இளைஞர்களில் ஒருவர் வாசிக்க, மற்றவர் பக்கத்தில் நின்று சத்தங்களை இயக்கலாம். ஆனால் திரையில் தெரியும் எல்லாவற்றுக்கும் சத்தம் கொடுக்கக் கூடாது. ஒருவன் பத்து முறை விழுந்தால் முரசு இரண்டு முறைதான். மூன்றாவது முறையிலிருந்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கன்சோல் லிஃப்ட்டைப் படத்துக்கு முன் பாதி கீழே இறக்குங்கள். இல்லையென்றால் முன் வரிசைகளுக்குத் திரையின் கீழ்ப்பகுதி தெரியாது. இசைத்தாள் விளக்கு திரையில் பட்டால் கறுப்பெல்லாம் சாம்பலாகும், விளக்குக்கு ஒரு காகித மறைப்பு போடுங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

பட உரிமை பற்றி: அமெரிக்காவில் 1929-லும் அதற்கு முன்பும் வெளிவந்த படங்கள் இப்போது பொதுவுடைமை. ஆனால் டிஸ்கில் கூடவே வரும் புது இசைக்குத் தனி உரிமை உண்டு. நேரில் வாசிப்பதால் அந்த ஒலித்தடத்தை அணைத்துவிடுங்கள், அது போதும். மேடையில் வாசிக்கும் பாடல்களுக்கான உரிமத்தை அரங்கம் மொத்தமாக எடுத்திருக்கலாம். இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஆர்கெஸ்ட்ராவுக்கு வாடகை இசைத்தாள் என்றால் அதன் ஒப்பந்தம் தனி.

இனி பணம். கோட்டை விடும் இடம் எப்போதும் ஒன்றுதான்: "வசூல் முழுவதும்" என்று சுவரொட்டியில் போடுவது. அரங்க ஊழியர், மின்சாரம், ப்ரொஜெக்டர், காப்பீடு, சுருதி சேர்ப்பவர், கலைஞர் சம்பளம் எல்லாம் அதே வசூலில் இருந்துதான் போகும். உதாரணத்துக்கு 700 டிக்கெட் தலா 20 டாலர் என்றால் 14,000. செலவு 9,000 என்றால் நிதிக்குப் போவது 5,000. தவறில்லை, ஆனால் சுவரொட்டி பொய் சொல்லிவிட்டது. இரண்டு வழி உண்டு. செலவு முழுவதையும் முன்கூட்டியே ஒரு புரவலரிடம் வாங்கிவிட்டு "வசூல் முழுவதும்" என்று போடலாம். இல்லையென்றால் "செலவு போக மிச்சம்" என்று போடுங்கள். நடுவில் ஒன்றும் இல்லை.

ஆர்கன் பராமரிப்புப் பணத்தையும் இளையோர் நிதியையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். ப்ளோயர் மோட்டார் எரிந்த வருடம் பிள்ளைகளின் உதவித்தொகை காணாமல் போகும். இது யாரும் திருடி நடப்பதல்ல, அவசரத்தில் நடப்பது.

அமெரிக்க வரி விதி இரண்டு ஞாபகம் வையுங்கள். நன்கொடையும் டிக்கெட்டும் சேர்ந்த தொகை 75 டாலரைத் தாண்டினால், கொடுத்தவருக்கு என்ன மதிப்புள்ளது திரும்பக் கிடைத்தது என்று நிறுவனம் எழுதித் தர வேண்டும். 100 டாலர் புரவலர் இருக்கையில் 20 டாலர் கச்சேரி அடங்கும் என்றால், வரிக் கழிவுக்கு உரியது 80 மட்டுமே. ஒரே நன்கொடை 250 டாலரோ மேலோ என்றால் எழுத்து மூல ஒப்புதல் இல்லாமல் அவர் கழிவே கேட்க முடியாது. டிக்கெட் அச்சடிக்கும்போதே இதைச் சேர்த்துவிட்டால் ஜனவரியில் தலைவலி இல்லை.

இன்னொன்று: அந்த இரண்டு இளம் ஆர்கன் கலைஞர்களுக்கும் சம்பளம் கொடுங்கள். தொகை சிறியதாக இருக்கட்டும், கவரில் பெயர் எழுதிக் கொடுங்கள். அவர்களுக்காகத்தான் கச்சேரி என்று சொல்லி அவர்களையே இலவசமாக வாசிக்க வைப்பது விநோதம்.

---

ரிலே_ராஜா எழுதியது:

> அந்த இரண்டு இளம் ஆர்கன் கலைஞர்களுக்கும் சம்பளம்

இது நூறு சதவீதம். கூடவே ஒண்ணு. அமெரிக்கன் தியேட்டர் ஆர்கன் சொசைட்டி 1955-லேருந்து இருக்கு, இளையவங்களுக்குப் போட்டியும் கோடைப் பயிற்சியும் நடத்துது. அமெரிக்கன் கில்ட் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ் பதின்ம வயசுக்காரங்களுக்கு ஒரு வாரப் பயிற்சி முகாம் நடத்துது. கச்சேரிப் பணத்துல ஒரு பகுதியை அங்கே போற பிள்ளையோட பயணச் செலவுக்கு ஒதுக்கினா, பொத்தாம் பொதுவா உதவித்தொகைன்னு கொடுக்கறதைவிட வேலைக்கு ஆகும். எங்கே போச்சுன்னும் தெரியும்.

வாசிக்கிற ஆள் இல்லாம போனா இந்தப் பெட்டிக்கு என்ன மதிப்பு? வுர்லிட்சர் மட்டுமே ரெண்டாயிரத்துக்கு மேல கட்டினாங்க, பேசும் படம் வந்ததும் பெரும்பாலானது பிரிச்சு விக்கப்பட்டது, இல்லைன்னா குப்பைக்குப் போச்சு. இங்கிலாந்துல ப்ளாக்பூல் டவர்ல ரெஜினால்ட் டிக்ஸன் 1930-லேருந்து 1970 வரைக்கும் வாசிச்சு வுர்லிட்சர் இசையை உயிரோட வச்சார். தினமும் வாசிக்கிற ஆர்கன்ல தோலும் மாக்னெட்டும் நல்லா இருக்கும். பூட்டி வச்சதுதான் முதல்ல சாகும்.

---

பித்தளைவாய் எழுதியது:

எல்லாம் குறித்துக்கொண்டேன். 24 மணி நேரச் சூடேற்றிக்கு அரங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது, இளைஞர்களுக்கு ஆளுக்கு ஐந்து மாலைகள் ஒதுக்கியாயிற்று. கடைசியாக ஒன்று. ஆர்கெஸ்ட்ராவின் க்ளாகன்ஸ்பீல் 442-ல் செய்தது. ஆர்கன் 440. ஓர் உருப்படியில் அதற்குப் பெரிய தனி வாசிப்பு இருக்கிறது, வாசிப்பது பன்னிரண்டு வயதுப் பெண்.

---

காற்றறை எழுதியது:

442-க்கும் 440-க்கும் இடையில் 8 சென்ட். வேகமாக ஓடிவிட்டால் யாருக்கும் தெரியாது. நீண்ட ஸ்வரத்தில் ஃப்ளூட்டோடு ஒன்றாக வந்தால் தெரியும். சேம்பரை 24 டிகிரியில் வைத்தால் ஃப்ளூ 441.5-க்குப் போய்விடும், மணிக்குப் பொருந்தும். ஆனால் அதற்காக ரீட் முழுவதையும் அந்த உயரத்துக்குச் சேர்க்க வேண்டும், ஆர்கனின் சொந்த மணிகள் அப்போது தாழ்ந்து நிற்கும். ஒருவருக்காக மூன்று பேரை நகர்த்துவது.

---

மிதிகட்டை எழுதியது:

அந்தப் பெண் பியானோ வாசிப்பாளா? வாசிப்பாள் என்றால் வேலை சுலபம். ஆர்கனிலேயே க்ளாகன்ஸ்பீல் இருக்கிறது, சேம்பரில் காற்றில் அடிக்கும் சுத்தியலோடு. சோலோ மானுவலில் அந்த ஸ்டாப்பை மட்டும் போட்டு வைத்து, அவளை ஆர்கன் கலைஞருக்கு வலப்பக்கம் பெஞ்சில் உட்கார வையுங்கள். தன் தனியை மேல் மானுவலில் அவளே வாசிக்கட்டும். ஒலி மேலே சேம்பரில் இருந்து வரும், அந்த 58 மில்லி நொடியை அவளுக்கும் பழக்க வேண்டும். ஒரு மாலை போதும். பெஞ்ச் நீளம் 120 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இப்போதே வேறு தேடுங்கள்.

---

பித்தளைவாய் எழுதியது:

வாசிப்பாள். பெஞ்ச் 122.